மண்வெட்டியும் கையுழவுப் பொறியும்

மன்னர் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளும் நம் சரித்திர ஏடுகளில் நிரம்பிக் கிடக்கின்றன. அம்மன்னர்க்குச் சோறு விளைவித்தவன் கையில் இருந்த கருவி யாது, அஃது அவன் முதுகை எவ்வளவு வளைத்தது, எவருடைய அறிவால் அம்முதுகு பின்னர் நிமிர்ந்தது என்பனவற்றை எழுதி வைத்தவர் மிகச் சிலரே. உழைப்பவன் வரலாறு ஏட்டில் இல்லாவிடினும் அவன் கருவியில் இருக்கின்றது. அக்கருவி பழைய இரும்புக் கடைக்குப் போகும் நாளில் அவ்வரலாறும் உடன் போய்விடுகின்றது. ஆகவே, பழுதுற்றுக் கிடக்கும் பழைய சிறு டிராக்டர்களையும் கையுழவுப் பொறிகளையும் தேடியெடுத்துச் செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்யும் பொழுதுபோக்கைப் பற்றி ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

முதற்கண் நமது நிபோங் திபாலையே எடுத்துக்கொள்வோம். நிபோங் என்பது சதுப்பு நிலத்தை அடுத்து வளரும் ஒருவகைப் பனை. திபால் என்றால் அடர்ந்தது என்று பொருள். ஊரின் பெயரே நிலத்தின் இயல்பை உரைத்துவிடுகின்றது. கடல் நீரும் ஆற்று நீரும் புகும் இத்தாழ்நிலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு வெள்ளைக்காரத் துரைமார் கரும்புத் தோட்டங்களை விரித்தனர். கரும்பு நடுமுன் கரை கட்ட வேண்டும். வடிகால் வெட்ட வேண்டும். களிமண்ணைக் கொத்திப் புரட்ட வேண்டும். இவ்வளவையும் செய்தோர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறி வந்த நம் முன்னோர். அவர் கையில் கொடுக்கப்பட்ட கருவி, மலாய் மொழியில் சங்குல் எனப்படும் மண்வெட்டி ஒன்றே.

இதில் ஒரு வியப்பைக் கவனிக்க வேண்டும். அக்காலத்திலேயே கரும்பு பிழியும் ஆலைகளில் நீராவி இயந்திரம் வந்துவிட்டது. ஆலையில் ஆவி உழைத்தது. வயலில் மனிதன் உழைத்தான். பொறி செய்யும் அறிவு துரைமார்க்கு இல்லாமற் போகவில்லை. கூலி மலிவாய்க் கிடைத்தது. ஒப்பந்தம் கூலியின் காலைக் கட்டிப் போட்டிருந்தது. அவனுக்குப் பதிலாக ஒரு பொறியைத் தேட வேண்டிய தேவை அவர்கட்குத் தோன்றவில்லை. 1910-ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. மண்வெட்டி மட்டும் போகவில்லை.

நிபோங் திபாலுக்கு வரும் வெளியூரார் பலர், கலிடோனியா தோட்டத்தில் ராம்ஸ்டென் குடும்பத்தார் கட்டிய, 99 கதவு மாளிகை எனப்படும் பாழடைந்த பெருவீட்டைக் காண விழைகின்றனர். 1948-இல் அவ்வீட்டிலே துரை சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியையும், பேய் உலவுகின்றது என்னும் கதையையும் கேட்டுச் செல்கின்றனர். அம்மாளிகைக்குப் பணம் விளைந்த நிலத்தை வெட்டிய மண்வெட்டி எங்கே என்று கேட்பவரை நாம் காணோம்.

இனி, மண்வெட்டியின் வேலையைப் பொறி ஏற்ற வரலாற்றைக் காண்போம். ஆஸ்திரேலியாவில் 1893-இல் பிறந்த ஆர்தர் கிளிபோர்டு ஹோவர்டு என்பவர், தம் தந்தையின் பண்ணையில் 1912-இல் ஒரு சோதனை செய்தார். நீராவி டிராக்டரின் சுழலும் தண்டிலிருந்து விசையை எடுத்து, மண்ணைக் கொத்தும் அலகுகளைச் சுழல வைத்தார். மண் பொலபொலவென்று புரண்டது. எனினும் பக்கவாட்டில் வாரி இறைக்கப்பட்டது. அலகுகளை நம் 'ட' எழுத்தைப் போல வளைத்துச் சிறிய உருளையில் இடைவெளிவிட்டுப் பொருத்தியபோது அக்குறை நீங்கிற்று. 1920-இல் காப்புரிமை பெற்றார். 1922-இல் நிறுவனம் கண்டார். 1938-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் தொழிற்சாலை தொடங்கினார். ஒருவர் பின்னால் நடந்து, இரு கைப்பிடிகளைப் பற்றி ஓட்டும் இரு சக்கரக் கையுழவுப் பொறிகள் அங்கிருந்து பல நாடுகட்குச் சென்றன. சிறு தோட்டக்காரர்க்கென்றே இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் கம்பெனியார் 1936 முதல் 1966 வரை சங்கிலிப் பட்டையில் ஊரும் குட்டி டிராக்டர்களைச் செய்தனர்.

நம் பக்கத்துச் சேற்று வயல்களுக்கு இக்கருத்து ஜப்பான் வழியாக வந்தது. 1890-இல் ஒசாக்காவில் வார்ப்படத் தொழிலைத் தொடங்கிய குபோட்டா கம்பெனி 1947-இல் கையுழவுப் பொறி செய்தது. கெடாவில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-இல் இருபோகச் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டபோது, ஓர் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே இருந்த காலம் சுருங்கியது. எருமையும் மண்வெட்டியும் அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. பொறி வயலில் இறங்கிற்று. வளைந்த முதுகு நிமிர்ந்து, கைப்பிடியைப் பற்றி நடக்கத் தொடங்கிற்று. பின்னர்ப் பெரிய டிராக்டர்கள் பெருகவே, சிறு பொறிகள் பல கொட்டகைக்குப் பின்புறம் தள்ளப்பட்டன. மழை நனைத்தது, துரு தின்றது, மிச்சத்தை நிறுத்து வாங்க இரும்புக்காரன் வந்தான்.

தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதும் கிராணிமார்க்கு ஒன்று தெரியும். எம் கணக்கில் ஒரு கருவிக்கு இரண்டே நிலைகள் உண்டு: பயனில் உள்ளது, கழிக்கப்பட்டது. கழித்ததாக எழுதி மேலாளர் கையொப்பமிட்டால் அதன் கதை முடிந்தது. காப்பாற்றத்தக்கது என்னும் மூன்றாம் பத்தி எந்தப் பேரேட்டிலும் இல்லை. அம்மூன்றாம் பத்தியைத் தம் சொந்தச் செலவிலும் உழைப்பிலும் எழுதுகின்றவரே பழம்பொறி காப்போர்.

இங்கிலாந்தில் இவ்வழக்கம் பரவிய விதம் சுவையானது. 1950-இல் ஆப்பிள்போர்டு என்னும் சிற்றூரில் ஆர்தர் நாப்பர் என்ற குடியானவர், தம் பழைய நீராவி இழுபொறியே விரைந்தோடும் என்று நண்பர் ஒருவரோடு பந்தயம் கட்டினார். பந்தயப் பொருள் ஒரு சிறு பீப்பாய் மது. நாப்பர் வென்றார். அவ்விளையாட்டிலிருந்து பழம்பொறித் திருவிழாக்கள் கிளைத்தன. 1954-இல் நாடு தழுவிய சங்கமும் எழுந்தது. நீராவிப் பொறியில் தொடங்கிய ஆர்வம் நாளடைவில் சிறு டிராக்டர்களுக்கும் பரவிற்று.

இஃது ஆங்கிலேயரின் விளையாட்டு, நமக்கெதற்கு என்று சிலர் வினவலாம். ஹோவர்டு பிறந்த அதே 1893-இல் கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் பிறந்தார் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அவர்க்கு அதிகம் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதை ஆணி ஆணியாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தார். அப்பயிற்சியே அவருடைய கல்லூரி. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டினார். 1937-இல் இந்தியாவிலேயே மின்சார மோட்டார் உருவாவதற்குக் காரணமானோருள் ஒருவரானார். பழம்பொறியைப் பிரித்துப் பார்ப்பதால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

வேலை முறையும் கடினமன்று; பொறுமையே வேண்டும். நெடுநாள் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் சுழற்றலாகாது. சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டால், இறுகிய பிஸ்டன் இளகும். பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்ற வேண்டும். பெட்ரோல் எஞ்சினாயின் பொறி பாய்கின்றதா என்று மாக்னெட்டோவையும், துளை அடைபட்டுள்ளதா என்று கார்புரேட்டரையும் பார்க்க வேண்டும். டீசலாயின் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். துருவேறிய உறுப்பைச் சலவைச் சோடா கரைத்த நீரில் இட்டு, பேட்டரியின் எதிர்முனையை அதனுடனும் நேர்முனையை வேறொரு பழைய இரும்புத் துண்டுடனும் இணைத்தால் துரு தளர்ந்து உதிரும். வெளிவரும் வாயு தீப்பற்றக் கூடியதாகலின் இதனைத் திறந்த வெளியிலேயே செய்க. கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொள்க. எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் முறியும்.

வண்ணம் பூசுவதில் இருவகைக் கருத்துண்டு. புதியதுபோல் மினுக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். உழைத்த தழும்பு தெரிய அப்படியே விட வேண்டும் என்பார் மற்றொரு சாரார். யாம் பின்னவர் பக்கமே. பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கைப்பிடியில் ஒரு மனிதனின் வாழ்நாள் பதிந்திருக்கின்றது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு மேலே பச்சை வண்ணம் பூசினால், காப்பாற்றியதாக எண்ணிக்கொண்டு அழித்தவராவோம். துரு பரவாமல் தடுத்து எண்ணெய் பூசி வைத்தலே போதும்.

ஆயுத பூசையன்று பொறிக்குச் சந்தனம் தெளித்து மாலையிடுகின்றோம். ஆண்டின் எஞ்சிய நாட்களில் அதன் எண்ணெய் அளவைப் பார்ப்பதில்லை. மாலை ஒரு நாளில் வாடும். பிள்ளைகளை அருகழைத்து, இஃது இவ்வாறு சுழல்கின்றது, இதனால் இன்னின்ன தொல்லை நீங்கிற்று என்று விளக்கினால் அவ்வறிவு வாடாது.

அன்பர்களே! தோட்டங்கள் பிரிந்து வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுகின்ற காலம் இது. லயங்கள் போயின, ஆலைகள் போயின. உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியிலோ படிப்பகத்திலோ ஒரு மூலையைக் கேட்டுப் பெறுங்கள். அங்கே ஒரு பழைய மண்வெட்டியையும், ஓடும் நிலையில் ஒரு கையுழவுப் பொறியையும் அருகருகே வையுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எவர் கை பிடித்தது என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை எஞ்சினை ஓட விடுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிவரும் சிறுவன் முதலில் மண்வெட்டியைத் தூக்கிப் பார்க்கட்டும். அதன் கனத்தை அறிந்த பின்னரே பொறியின் கைப்பிடியை அவனிடம் கொடுங்கள்.