வீரர் வரிசையும் அளவுகோலும்

மன்னர் வரிசையை ஆண்டு கொண்டு வகுக்கலாம்; வீரர் வரிசையை அவ்வாறு வகுத்தல் எளிதன்று. அளவுகோல் மாறுந்தோறும் முதலிடமும் மாறும். அமெரிக்க நாட்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் விளையாட்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அக்கழகத்தின் சார்பில் நான்கு விளையாட்டுக்களிற் சிறப்புப் பெற்ற முதல் மாணவர் ஜாக்கி றொபின்சன். 1940-இல் நீளம் பாய்தலில் அமெரிக்கக் கல்லூரிகள் அனைத்திலும் முதல்வராய் நின்றவரும் அவரே. திறமையின் பரப்பை நோக்குவோர் அவருக்கே முதலிடம் அளிப்பர். அதன் உச்சத்தை நோக்குவோர், 1960-இல் உரோம் ஒலிம்பிக்கிற் பத்து நிகழ்ச்சிப் போட்டியிற் பொற்பதக்கம் வென்ற றேபர் ஜோன்சனைக் கூறுவர். அப்போட்டியில் இரண்டாமவராய் வந்த தைவான் வீரர் யாங் சுவான்குவாங்கும் அக்கழக மாணவரே. பத்து நிகழ்ச்சிகளுள் ஏழில் யாங் ஜோன்சனை விஞ்சினார்; எனினும், மொத்தத்தில் 58 புள்ளிகள் குறைந்தமையால் வெள்ளிப் பதக்கமே பெற்றார்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்று பின்னர் அக்கழகம் புகுந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952, 1956 ஆகிய ஈர் ஒலிம்பிக் விழாக்களிலும் பங்குபற்றியும் அவர் பதக்கம் பெற்றிலர். ஆயினும், 1958-இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு முதல் ஆசியப் பொற்பதக்கத்தை ஈட்டினார்.

நால்வகை விளையாட்டிலும் மேம்பட்டமையால் றொபின்சனை முதலிலும், ஜோன்சன், யாங் என்போரை அடுத்தும் நிறுத்துதல் பொருந்தும். அந்நிரலில் எதிர்வீரசிங்கம் பின்னிற்பது கழகத்தின் கணக்கு. இலங்கையின் கணக்கில் அவருக்கு முன் ஆசியப் பொன் கொணர்ந்தார் ஒருவருமிலர். ஆதலின், வீரரை வரிசைப்படுத்துவோர் அளவுகோலை முன்னும் பெயரைப் பின்னுமாகக் கூறுதலே நேர்மையாம்.