போலார் வானொலிப் பரப்பிகளில் அதிர்வெண் விலகலைக் குறைத்தல்

வானொலிச் சைகையை வீச்சு, கட்டம் என இரண்டாகப் பிரித்துத் தனித்தனி வழிகளில் அனுப்பி, இறுதிப் பெருக்கியில் மீண்டும் இணைக்கும் கருவி போலார் பரப்பி எனப்படும். அமெரிக்கப் பொறியாளர் லியோனார்ட் கான் 1952-இல் ஒற்றைப் பக்கப்பட்டைப் பரப்புகைக்காக இத்தகைய முறையை வெளியிட்டார். பெருக்கிக்குள் வீச்சு மாறாத சைகையே செல்வதால் மின்திறன் வீணாவது குறைந்தது.

ஆனால் சிக்கல் கட்ட வழிக்கு இடம் மாறியது. சைகையின் வீச்சு சுழியை நெருங்கும்போது அதன் கட்டம் மிகக் குறுகிய நேரத்தில் ஏறத்தாழ 180 பாகை வரை திரும்பக்கூடும். கட்டம் மாறும் வேகமே அதிர்வெண் விலகல் என்பதால், அலையியற்றி அப்போது மிகப் பெரிய விலகலைத் தர வேண்டும். அது இயலாதபோது சைகை சிதைந்து, பக்கத்து அலைவரிசைகளிலும் கசிகிறது.

ஜிஎஸ்எம் கைபேசிகளின் தொடக்கப் பண்பேற்றத்தில் வீச்சு மாறாததால் இச்சிக்கல் எழவில்லை. பின்னர் வந்த எட்ஜ் முறை எட்டுக் கட்டங்களைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் 67.5 பாகை கூடுதலாகச் சுழற்றுவதால் சைகை சுழி வழியே செல்வதில்லை. பிந்தைய முறைகள் பலவற்றில் இத்தகைய முழுமையான காப்பு இல்லை. எனவே வீச்சு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் இடங்களில் சிறு துடிப்பைச் சேர்த்து, சைகையைச் சுழியிலிருந்து விலக்கும் முறை உருவானது. இதனால் அதிர்வெண் விலகல் குறைகிறது. ஆயினும் சைகையின் துல்லியமும் சற்றுக் குறைவதால், துடிப்பின் அளவு அனுமதிக்கப்பட்ட பிழை வரம்புக்குள் இருக்க வேண்டும்.