உடல், ஆண்மை, பெண்மை பற்றிய கத்தோலிக்க இளையோர் மறைக்கல்வி: பிள்ளைப்பாக்கம் தொழில் வட்டாரம்

கத்தோலிக்கத் திருஅவை தன் இளையோருக்கு உடலைப் பற்றியும், ஆணாகவும் பெண்ணாகவும் வாழ்வதைப் பற்றியும், காதல், மணவாழ்வு, பிள்ளைப்பேறு ஆகியவை பற்றியும் நம்பிக்கையின் அடிப்படையில் சொல்லித்தரும் கல்வி இது. ஞாயிறு மறைக்கல்வி, உறுதிப்பூசுதல் தயாரிப்பு, இளையோர் தியானம், திருமணத் தயாரிப்புப் பயிற்சி எனப் பல கட்டங்களில் இது நடைபெறுகிறது. பள்ளிப் பிள்ளைகளையும் மணமாகப் போகிறவர்களையும் மனத்தில் வைத்தே பாடங்கள் அமைந்திருக்கின்றன. இடைப்பட்ட வயதில் ஊரைவிட்டு வந்து, விடுதியில் தங்கி, ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இந்த இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. இளையோர் மறைக்கல்வி தமிழகத்தில் எங்கெல்லாம் எட்டவில்லை என்று கேட்டால் முதலில் சுட்டவேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

இடம்

பிள்ளைப்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். சிப்காட் தொழிற்பூங்காவும், சுமார் 380 ஏக்கரில் திட்டமிடப்பட்ட மின்னணு உற்பத்தித் தொகுப்பும் இங்கே உள்ளன. அருகிலேயே வல்லம் வடகால், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று கார், லாரி, கண்ணாடி, கைப்பேசி ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக ரூ.706.50 கோடியில் கட்டப்பட்ட, 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். ஓர் ஊரின் மக்கள்தொகையை மிஞ்சும் அளவுக்கு இளம்பெண்கள் ஒரே வளாகத்தில் வாழ்வதற்கான இடம் இது என்றால், அவர்களுடைய ஆன்மிகப் பணிக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி எல்லாச் சமயத்தாருக்கும் எழும்.

திருஅவை நிர்வாகத்தில் இப்பகுதி செங்கல்பட்டு மறைமாவட்டத்துக்குள் வருகிறது. இம்மறைமாவட்டம் 2002-இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. முதல் ஆயர் அ. நீதிநாதன். தமிழக மறைமாவட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான மறைக்கல்விப் பணிகளைத் திண்டிவனத்திலுள்ள தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் ஒருங்கிணைக்கிறது.

போதனையும் அதன் தொழிலாளர் வேரும்

பாலியல் கல்வி பற்றித் திருஅவை வெகுகாலம் தயக்கத்துடனேயே பேசியது. 1929-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் எழுதிய கல்வி குறித்த சுற்றுமடல் எச்சரிக்கைத் தொனியில் அமைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கல்வி அறிக்கை, பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற பாலியல் கல்வி தரவேண்டும் என்று நேர்மறையாகச் சொன்னது. பிறகு ஆறாம் பவுலின் ‘ஹூமானே வீத்தே’ (1968), மனித அன்பு பற்றிய கல்வி வழிகாட்டி (1983), பெற்றோரே முதல் ஆசிரியர் என்று வலியுறுத்திய 1995-ஆம் ஆண்டு ஏடு, பாலியல் கல்வி வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதிய திருத்தந்தை பிரான்சிஸின் ‘அமோரிஸ் லெத்தீசியா’ (2016) என ஏடுகள் தொடர்ந்தன.

இவற்றின் நடுநாயகம் ‘உடலின் இறையியல்’. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 செப்டம்பர் முதல் 1984 நவம்பர் வரை புதன்கிழமைப் பொதுச் சந்திப்புகளில் ஆற்றிய 129 உரைகளின் தொகுப்பு அது. தொடக்கநூலின் முதல் அதிகாரங்கள், இனிமைமிகு பாடல், எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அவர் சொன்னதன் சாரம் இது: மனிதர் உடலை ஒரு பொருளாக வைத்திருக்கவில்லை, உடலாகவே வாழ்கிறார், ஆண் பெண் என்ற வேறுபாடு ஒருவருக்கொருவர் தம்மையே கொடையாகத் தருவதற்கான அழைப்பு, ஒருவரை இன்பத்துக்கான கருவியாக்குவது அவரது மாண்பை மறுப்பது.

வகுப்புகளில் அதிகம் சொல்லப்படாத ஒரு செய்தி உண்டு. இந்த உரைகளை ஆற்றியவர் இளமையில் ஆலைத் தொழிலாளி. நாஜிகள் போலந்தைப் பிடித்திருந்த காலத்தில், 1940 முதல் 1944 வரை, கரோல் வொய்த்திவா (பின்னாளைய இரண்டாம் யோவான் பவுல்) கிராக்கோவில் சோல்வே நிறுவனத்தின் கல்குவாரியிலும் பின்னர் வேதிப்பொருள் ஆலையிலும் உடலுழைப்பு செய்தார். இரவு ஷிப்டில் கிடைத்த ஓய்வு நேரங்களில்தான் தத்துவம் படித்தார். குருவான பிறகு இளம் தம்பதிகளோடும் மாணவர்களோடும் மலையேறவும் படகோட்டவும் போய், அவர்களுடைய காதல் சிக்கல்களைக் கேட்டு எழுதிய நூல் 1960-இல் வந்த ‘அன்பும் பொறுப்பும்’. உடல் குறித்த உரைகள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே, 1981 செப்டம்பரில், உழைப்பு பற்றிய ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ சுற்றுமடலும் வெளிவந்தது. மூலதனத்தைவிட உழைக்கும் மனிதரே முதன்மை என்பது அதன் மையக் கருத்து. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒன்று முழுமையாகும். படுக்கையறையில் மதிக்கவேண்டிய உடலும் உற்பத்தி லைனில் மதிக்கவேண்டிய உடலும் ஒன்றே. பிள்ளைப்பாக்கத்தில் இந்தப் பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல வாசல் இல்லை.

இதே வழியில் முன்னே நடந்தவர் பெல்ஜியத்தின் ஜோசப் கார்டைன். பிரசெல்ஸ் நகரையொட்டிய லேக்கன் பங்கில் தையல் வேலை செய்த இளம்பெண்களைத் திரட்டிப் பணியைத் தொடங்கி, 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவினார். அவர் வகுத்த ‘பார், தீர்ப்பிடு, செயல்படு’ என்ற முறையை 1961-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் தம் சுற்றுமடலில் ஏற்றுக்கொண்டார். தமிழகத்திலும் இளையோர் இயக்கக் கூட்டங்களில் இந்த மூன்று சொற்களும் பழகியவை.

விடுபட்ட வயது

புதுநன்மை, உறுதிப்பூசுதல், பன்னிரண்டாம் வகுப்பு வரை ஞாயிறு மறைக்கல்வி. அதன்பின் திருமணம் நிச்சயமான பிறகுதான் தயாரிப்புப் பயிற்சி. தமிழகப் பங்குகளில் வழக்கமான வரிசை இதுதான். நடுவிலுள்ள பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையிலான வயதில் இளையோர் சொந்தப் பங்கில் இருப்பதில்லை. பாளையங்கோட்டையிலோ, விழுப்புரத்திலோ, திருவண்ணாமலையிலோ பெயர் பதிந்த பங்கு இருக்கும். ஆள் சிப்காட் விடுதியில் இருப்பார். பங்கின் சிறு குழுவான அன்பியத்தின் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்க யாரும் இல்லை. முதல் சம்பளம், முதல் கைப்பேசிக் கடன், முதல் காதல் எல்லாம் இந்த வயதில்தான் வருகின்றன. உடலைப் பற்றிய கேள்விகள் மிகுதியாக இருக்கும் ஆண்டுகளில் பாடமே இல்லை என்பது மறைக்கல்வி அமைப்பின் பெருங்குறை.

பெண்மை

1988-இல் ‘முலியெரிஸ் டிக்னிட்டாட்டெம்’ என்ற மடல் பெண்ணின் மாண்பைப் பற்றி விரிவாகப் பேசியது. இந்திய ஆயர் பேரவை 2008-இல் ஜம்ஷெட்பூரில் கூடிப் பெண்களுக்கு அதிகாரமளித்தலை விவாதித்து, 2010-இல் பாலினக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பெண் ஆணுக்குச் சமம் என்பதும், பெண்ணுக்கு எதிரான பாகுபாடு நம்பிக்கைக்கு முரணானது என்பதும் அதன் நிலைப்பாடு.

ஆலை வாழ்வு இதை உடனே சோதித்துப் பார்க்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பகுதி விடுதி ஒன்றில் உணவு நஞ்சானதால், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தனர். மணமான பெண்களை அந்த ஆலையில் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டதும், ஒன்றிய அரசு 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தாலி கட்டியதாலும் பிள்ளை பெற்றதாலும் ஒரு பெண்ணின் மதிப்பு குறையும் என்று கருதும் இடத்தில், தாய்மையைப் போற்றும் மறையுரைக்கு மட்டும் என்ன பலன்? தாய்மை பற்றிய பாடம் வேலை உரிமையையும் சேர்த்துப் பேசவேண்டும்.

ஒரு பாட வேளையை எடுத்துக்கொள்வோம். தொழிலாளர் நலப் பயிற்சிகளில் பழகிய ‘உடல் வரைபடம்’ என்ற முறையில், பெரிய சார்ட் தாளில் ஒருவரைப் படுக்கவைத்து உருவத்தைக் கோடிட்டு, வலிக்கும் இடங்களில் ஒவ்வொருவரும் புள்ளி வைக்கவேண்டும். நின்றே வேலை செய்பவர்களின் படத்தில் குதிகாலும் இடுப்பும் நிறைந்துவிடும். சற்று நம்பிக்கை வந்தபின் அடிவயிற்றிலும் புள்ளிகள் விழும். மாதவிடாய் நாட்களில் கழிப்பறைக்குப் போக லைன் லீடரிடம் கேட்கத் தயங்குவது, நாப்கின் மாற்ற நேரமில்லாதது எல்லாம் அப்போதுதான் பேச்சுக்கு வரும். அதன்பின் மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறக்கவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் துன்புற்ற பெண், அன்றைய சட்டப்படி தீட்டானவள், கூட்டத்தில் இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். அவர் விலகவில்லை, அவளை மகளே என்று அழைக்கிறார். மாதவிடாய் தீட்டு என்ற எண்ணம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில், உடல் நல்லது என்ற போதனையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புள்ளபோது உட்கார இருக்கை தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னதையும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும் என்பதையும் அதே வகுப்பில் சொன்னால்தான் ‘செயல்படு’ என்ற மூன்றாம் படி நிறைவேறும்.

ஆண்மை

ஆண்பிள்ளைகளுக்கான பாடம் பல இடங்களில் எச்சரிக்கைகளோடு நின்றுவிடுகிறது: குடிக்காதே, ஆபாசப் படம் பார்க்காதே. எச்சரிக்கை தேவைதான். ஆனால் எப்படிப்பட்ட ஆணாக வாழவேண்டும் என்பதற்கு ஓர் ஆளைக் காட்டவேண்டும். தமிழில் அதற்கு நம் கையிலேயே ஒரு பெருங்காப்பியம் இருக்கிறது. வீரமாமுனிவர் என்று அறியப்படும் பெஸ்கி அடிகளார் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடிய ‘தேம்பாவணி’யின் தலைவர் மன்னரோ போர்வீரரோ அல்லர், வளன் எனப்படும் சூசையப்பர், கைத்தொழில் செய்து பிழைத்த தச்சர். 3,615 பாடல்களில் ஒரு தொழிலாளியைக் காப்பியத் தலைவராக்கிய தமிழ் மரபு நமக்கு உண்டு. மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்தினார். கர்ப்பமான மரியாவை அவமானப்படுத்தாமல் காப்பாற்ற நினைத்தவர், பிள்ளைக்காக அகதியாக எகிப்துக்கு ஓடியவர், நற்செய்திகளில் ஒரு சொல்லும் பேசாதவர் என்று அவரைக் காட்டினால், மீசையிலும் மிரட்டலிலும் ஆண்மையைத் தேடும் இளைஞனுக்கு வேறொரு வழி தெரியும்.

கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (1992) கற்பு என்ற நற்பண்பைத் திருமுழுக்குப் பெற்ற எல்லாருக்கும் பொதுவாக வைக்கிறது. பெண்ணின் நடமாட்டத்தை மட்டும் கண்காணிக்கும் வீட்டு வழக்கத்துக்கு இதில் இடமில்லை என்று பையன்களிடம் நேராகச் சொல்லவேண்டும்.

காதல், சாதி, திருமணம்

ஆலையில் பல ஊர், பல சாதி, பல சமயத்தார் ஒரே லைனில் நிற்கிறார்கள். காதல் பிறப்பது இயல்பு. திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சுதந்திரமான சம்மதமே, அதை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது என்று 1983-ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டம் (எண் 1057) கூறுகிறது. திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும், அது கிடைக்கக்கூடியதே. இதை அறியாமல் கோவிலே நம்மை ஏற்காது என்று எண்ணி விலகிப்போகும் இளையோர் உண்டு. சாதி பார்த்துக் காதலை அறுக்கும் பெற்றோர் கத்தோலிக்கர்களிலும் உள்ளனர். தலித் மக்கள்மீதான பாகுபாடு பாவம் என்ற நிலைப்பாட்டை இந்திய ஆயர் பேரவையின் தலித் கொள்கை 2016-இல் உறுதிப்படுத்தியது. ஆணவக் கொலைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் வழிகாட்டுதல்கள் வழங்கியது. மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசிக்கும் பீடத்திலிருந்தே சாதிக்கு எதிராகவும் பேசுவது குருக்களின் கடமை.

திருமணத் தயாரிப்பில் இயற்கை வழிக் குடும்பத் திட்டமும் இடம்பெறுகிறது. ஆஸ்திரேலியாவின் பில்லிங்ஸ் தம்பதி வகுத்த முறை கருப்பை வாய்ச் சளியின் மாற்றத்தைக் கவனிப்பது. உடல் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறையில், தூங்கி எழுந்தவுடன் தினமும் ஒரே நேரத்தில் வெப்பமானி வைத்துக் குறிக்கவேண்டும். வாரம் ஒரு ஷிப்டு மாறும் பெண்ணுக்கு அந்த ஒரே நேரம் என்பதே இல்லை; இரவு வேலையும் தூக்கக் குறைவும் அளவைக் கலைத்துவிடும். எனவே பயிற்சியாளர் ஷிப்டு அட்டவணையைக் கேட்ட பிறகே முறையை விளக்கவேண்டும். தமிழ்நாட்டில் கருத்தடை என்றால் பெரும்பாலும் பெண்ணுக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சைதான். பொறுப்பைக் கணவனும் ஏற்கவேண்டும் என்பது இப்பாடத்தின் நல்ல பகுதி.

பாலின அடையாளம்

பாலின வேறுபாடு படைப்பின் கொடை என்பதும், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்பதும் திருஅவையின் போதனை. 2019-இல் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் வெளியிட்ட ஏடு பாலினக் கோட்பாட்டோடு உடன்படவில்லை. ஆயினும் கேட்டல், சிந்தித்தல், முன்மொழிதல் என்ற உரையாடல் வழியை வகுத்தது. தன்பாலின ஈர்ப்புடையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்கவேண்டும், நியாயமற்ற பாகுபாடு கூடாது என்கிறது மறைக்கல்வி நூல். 2008-இல் திருநங்கையருக்கென நலவாரியம் அமைத்த மாநிலத்தில், கேலிப்பேச்சை வகுப்பறையில் அனுமதிக்கும் ஆசிரியர் போதனையின் பாதியை மீறுகிறார்.

நடைமுறை

பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உள்ள வகுப்பில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காதது தண்டனைக்குரியது. மூடிய திருஅவை அறைகளுக்குள் முறைகேட்டை முடித்துவிடும் வழக்கத்துக்கு எதிராக 2019-இல் பிரான்சிஸ் ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி’ ஆணையை வெளியிட்டார்.

வார விடுப்பு எல்லாருக்கும் ஞாயிறாக அமைவதில்லை. சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்று திருஅவைச் சட்டம் (எண் 1248) ஏற்பதால், வகுப்பையும் அதையொட்டி வைக்கலாம். ஜார்க்கண்டின் சிம்டேகா, கும்லா, ஒடிசாவின் சுந்தர்கர் போன்ற மாவட்டங்களில் கத்தோலிக்கப் பழங்குடியினர் கணிசமாக உள்ளனர். அம்மாநிலங்களிலிருந்து இங்கே வேலைக்கு வருவோரிடையே அவர்களும் உண்டு. சாத்ரி, குருக், முண்டாரி பேசும் அவர்களுக்கு, உடலைப் பற்றிய அந்தரங்கப் பேச்சைத் தமிழில் நடத்தினால் ஒன்றும் போய்ச் சேராது. அவர்கள் மொழி பேசும் அருள்சகோதரிகளையோ பொதுநிலையினரையோ அம்மாநில மறைமாவட்டங்களிடம் கேட்டு வரவழைப்பதுதான் செய்யக்கூடிய முதல் வேலை.