தோலுறை ஏடும் அதன் நகலும்: வரலாற்று நேர்மை குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், நான் இளங்குருவாகப் பணியாற்றிய சேகரத்தில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையையொட்டி ஒரு நாடகம் நடிக்கப்பெற்றது. பழைய மிஷனெரி ஒருவர் தம் நாட்குறிப்பைத் திறந்து வாசிக்கும் காட்சி ஒன்று அதில் இருந்தது. அதற்கென வாலிபருடன் சேர்ந்து நானே ஒரு நாட்குறிப்பேட்டைச் செய்தேன். கிழிந்துபோன தோற்பை ஒன்றைப் பிரித்து மேலுறையாக்கினோம். தாள்களைத் தேயிலை வடிநீரில் தோய்த்து உலர்த்தினோம். ஓரங்களைச் சற்றே தீயில் கருக்கினோம். நாடகம் முடிந்தபின் அவ்வேடு ஆலயத்தின் பக்க அறை அலமாரியில் வைக்கப்பெற்றது. அது இன்னது என்று ஒரு வரி எழுதி வைக்கவேண்டும் என்னும் எண்ணம் எனக்கு எழவில்லை. பல ஆண்டுகள் கழித்து அச்சேகரத்தின் விழா மலர் என் கைக்கு வந்தது. அதில் அவ்வேட்டின் படமும், அது அம்மிஷனெரியின் சொந்த நாட்குறிப்பு என்னும் விளக்கமும் அச்சாகியிருக்கக் கண்டு திடுக்கிட்டேன். ஏமாற்றவேண்டும் என்று எவரும் எண்ணியதில்லை. ஆயினும் ஒரு பொய் பிறந்துவிட்டது. அதற்குக் காரணம் நானே.

பழைய ஏட்டைப் போல ஓர் ஏட்டைக் கையால் செய்வது தகாத செயலா? அல்ல, அதனால் வரும் அறிவு பெரிது என்பதே என் துணிபு. அப்படியாயின், நகல் எவ்விடத்தில் போலியாக மாறுகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணத் திருச்சபை வரலாற்றில் புகழ்பெற்ற தோலுறை ஏடு ஒன்றை முதலில் நோக்குவோம்.

1. கத்பர்ட்டின் பேழையில் கிடைத்த ஏடு

இங்கிலாந்தின் வடபகுதியில் லிண்டிஸ்பார்ன் தீவு மடத்தின் ஆயராயிருந்த கத்பர்ட் கி.பி. 687இல் மறைந்தார். வைக்கிங் கொள்ளையருக்கு அஞ்சி 875இல் தீவை விட்டு வெளியேறிய துறவியர் அவருடைய பேழையையும் உடன் சுமந்து சென்றனர். பல இடங்களில் தங்கியபின், 995இல் அது டர்ஹம் நகரை அடைந்தது. அங்குக் கட்டப்பட்ட புதிய பேராலயத்திற்கு மாற்றுவதற்காக 1104இல் பேழையைத் திறந்தபோது, உள்ளே ஒரு சிறு ஏடு காணப்பட்டது. அது இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட யோவான் நற்செய்தி. பிற்காலத்தில் இயேசு சபையாரின் உடைமையாயிருந்த அதனைப் பிரித்தானிய நூலகம் 2012இல் 90 இலட்சம் பவுனுக்கு வாங்கியது.

இவ்வேட்டின் உயரம் 138 மில்லிமீட்டர்; அகலம் 92 மில்லிமீட்டர்; உள்ளங்கையில் அடங்கிவிடும். வியர்மத்–ஜாரோ மடத்தில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இதில் 94 தோல் ஏடுகள் உள்ளன. செந்நிறச் சாயமேற்றிய ஆட்டுத்தோல், மெல்லிய மரப்பலகைகளின்மேல் போர்த்தப்பட்டுள்ளது. முன்னட்டையின் நடுவில் ஒரு கிண்ணத்திலிருந்து கிளைத்தெழும் கொடி புடைத்து நிற்கிறது. ஐரோப்பாவில் தன் முதற்கட்டோடு சிதையாமல் எஞ்சிய மிகப் பழைய நூல் இதுவே.

2. கை கற்பிக்கும் பாடம்

இத்தகைய ஏட்டைக் கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று காண்பவர் அதன் அழகை மட்டுமே அறிவார். நூல் கட்டுநரோ அதைப்போல் ஒன்றைத் தாமே செய்து பார்க்கின்றனர். அவ்வுழைப்பில் வெளிப்படுவன பல.

முதலாவது, தோல் ஒன்றே ஆயினும் அதன் ஆக்கம் இருவகை. எழுதுவதற்குரிய தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி உலர்த்துவர். அது விறைப்பாகவும் வெண்மையாகவும் அமையும். மேலுறைக்குரிய தோலையோ மரப்பட்டை முதலியவற்றின் துவர்ச்சாற்றில் ஊறவைத்துப் பதனிடுவர். அது வளையும்; ஈரமாயிருக்கையில் அழுத்திய உருவை ஏற்றுக்கொள்ளும். ஒன்று எழுத்தைத் தாங்கவும் மற்றொன்று அவ்வெழுத்தைக் காக்கவும் ஏற்றதாகிறது. இவ்வேறுபாட்டை நினைவில் இருத்துக; பின்னர் இது நமக்கு உதவும்.

இரண்டாவது, தைக்கும் முறை. ஏடுகளை இரண்டிரண்டாக மடித்து, ஒன்றனுள் ஒன்றாகச் செருகி ஒரு மடிப்பாக்குவர். நம் அச்சகத்தார் இதனைப் பாரம் என்பர். பிற்கால ஐரோப்பியக் கட்டுநர் முதுகில் கயிறுகளை நிறுத்தி, அவற்றோடு பாரங்களைச் சேர்த்துத் தைத்தனர். இவ்வேட்டிலோ கயிறு இல்லை. நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரு பாரத்தை அடுத்த பாரத்தோடு நேரடியாகப் பின்னியுள்ளனர். அதே நூல் பலகையின் துளைகளிலும் புகுந்து அட்டையைப் பிணைக்கிறது. இஃது எகிப்தின் கோப்தியக் கிறிஸ்தவர் கையாண்ட முறை. வட கடலோரத்து மடத்தின் ஏடு நைல் நதிக்கரைத் தையலைக் கொண்டிருப்பது, பண்டைத் திருச்சபையில் கைத்தொழில் அறிவு எத்துணைத் தொலைவு பயணம் செய்தது என்பதற்குச் சான்று. 2006இல் அயர்லாந்தின் சதுப்பு நிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 800ஐச் சேர்ந்த சங்கீத ஏடு ஒன்றின் தோலுறைக்குள் எகிப்திய நாணற்புல் தாள் காணப்பட்டதும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

மூன்றாவது, புடைத்த கொடி. பலகையின்மேல் களிமண்ணையொத்த பொருளால் உரு அமைத்து, ஈரத்தோலை அதன்மேல் போர்த்தி அழுத்தியே இதனைச் செய்திருக்கவேண்டும் என்று ஆய்வாளர் கருதுவர். தோலின் ஓரங்களைச் சீவி மெலிதாக்காவிடில் மடிக்கும் இடம் தடிக்கும். ஈரம் மிகுந்தால் பலகை வளையும். குறைந்தால் உரு பதியாது. பெயர் தெரியாத அத்துறவியின் பொறுமையை அளக்க, அவ்வேலையைச் செய்து பார்ப்பதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

3. ஏழு பாரங்கள்

இவ்வறிவு வரலாற்று ஆய்வுக்கும் துணைநிற்கிறது. கத்பர்ட்டின் வரலாற்றை எழுதிய பீட் என்னும் அறிஞர் உருக்கமான நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுகிறார். மெல்ரோஸ் மடத்தில் கத்பர்ட்டின் ஆசானாயிருந்த பாய்சில், தமக்கு இன்னும் ஏழு நாட்களே உள்ளன என்று உணர்ந்தார். தம்மிடமிருந்த யோவான் நற்செய்தி ஏட்டில் ஏழு பாரங்கள் இருந்தமையால், நாளுக்கு ஒன்றாகத் தம் மாணவரோடு அதனை வாசித்து முடித்தார்.

பேழையில் கிடைத்ததும் யோவான் நற்செய்தியே. ஆதலின், ஆசானும் மாணவரும் ஒருங்கே வாசித்த ஏடு இதுவே என்று நம்ப உள்ளம் விழைகிறது. பிரசங்கத்திற்கும் அது மிக ஏற்றதாயிருக்கும். ஆயினும் கணக்கு இடம் தரவில்லை. பீட் குறிப்பிடும் பாரம் எட்டு ஏடுகளைக் கொண்டது. அத்தகைய ஏழு பாரங்களில் 56 ஏடுகளே அமையும். இதிலோ 94 உள்ளன. மேலும் இதன் எழுத்து கத்பர்ட்டின் மறைவுக்குப் பிற்பட்ட காலத்தது. எனவே இது பாய்சிலின் ஏடு அன்று. கத்பர்ட்டின்மேல் அன்பு கொண்டோர் பின்னர் அவர் பேழையில் வைத்த ஏடாகும். இவ்வாறு உரைப்பதனால் ஏட்டின் மாண்பு குன்றுவதில்லை. ஓர் அழகிய கதையை விட்டுக்கொடுத்து உண்மையைப் பெறுகிறோம்.

4. நகலும் போலியும்

இதே கைத்திறன் வேறு நோக்கத்திற்கும் பயன்படக்கூடும். 1983 ஏப்ரலில் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ், ஹிட்லரின் நாட்குறிப்பேடுகள் கிடைத்துள்ளன என்று அறிவித்தது. அவற்றுக்கு அது கொடுத்த விலை ஏறத்தாழ 93 இலட்சம் மார்க். பெயர்பெற்ற வரலாற்றறிஞர் ஒருவரும் தொடக்கத்தில் அவற்றை ஏற்றார். ஆனால் போருக்குப் பிற்காலத்தில் வழக்கிற்கு வந்த வெண்மையூட்டும் வேதிப்பொருள் தாளில் இருந்ததைச் சோதனை காட்டிற்று. அவற்றை எழுதியவர் கொன்ராட் குயாவ் என்னும் போலிச்சரக்கு வணிகர். தாள்களைப் பழமையாகக் காட்ட அவரும் தேநீரையே பயன்படுத்தினார். இதனை வாசித்தபோது எங்கள் நாடக ஏடு என் கண்முன் வந்து நின்றது.

திருமறை ஆய்வும் இவ்விபத்துக்குத் தப்பவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் 2017இல் திறக்கப்பட்ட வேதாகம அருங்காட்சியகத்தில், சாக்கடற் சுருள்களின் துண்டுகள் எனப்பட்டவை 16 இருந்தன. அவை அனைத்தும் தற்காலத்துப் போலிகள் என்று 2020 மார்ச்சில் ஆய்வறிக்கை வெளிவந்தது. காட்டிக்கொடுத்தவற்றுள் முதன்மையானது தோலே. மெய்யான சுருள்கள் பெரும்பாலும் எழுதுதோலால் ஆனவை. இத்துண்டுகளோ ஏறக்குறைய முழுவதும் பதனிட்ட தோலாயிருந்தன; பண்டைக்காலச் செருப்புத் தோலாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர் கருதினர். தோல் பழையதே, எழுத்துத்தான் புதியது. பழந்தோலின் வெடிப்புகளுக்குள் புதுமை வழிந்தோடியிருந்ததை நுண்ணோக்காடி காட்டிற்று. தோலின் இருவகை ஆக்கத்தைக் கைவழி அறிந்த ஒருவருக்கு இத்துண்டுகள் தொடக்கத்திலேயே ஐயம் தந்திருக்கும். அவ்வருங்காட்சியகம் இம்முடிவைத் தானே வெளியிட்டது போற்றுதற்குரியது.

ஆகவே நகலையும் போலியையும் பிரிப்பது கைவேலையின் தரமன்று, தேயிலைச் சாயமுமன்று. தன் பிறப்பை அறிக்கையிடும் ஏடு நகல். அதனை மறைக்கும் ஏடு போலி. அறிக்கையிட மறந்த நகல், செய்தவரின் காலத்துக்குப்பின் போலியாகிவிடும்.

முடிவுரை

தம் பெயரால் பிறர் எழுதிய நிருபங்கள் உலவக்கூடும் என்று தெசலோனிக்கேயரை எச்சரித்த பவுல், அந்நிருபத்தின் இறுதியில் தம் கையெழுத்தை அடையாளமாக இட்டதை நாம் அறிவோம். எழுத்தின் பிறப்பைக் காட்டும் கடமை திருச்சபைக்குப் புதிதன்று.

இறையியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்ப்புள்ளோர் சிறு தோலுறை ஏடு ஒன்றைக் கையால் தைத்துப் பாருங்கள். திருமறை நம்மிடம் வந்துசேர்ந்த பாடு விளங்கும். செய்தபின் ஆண்டு, செய்தவர், நோக்கம் ஆகிய மூன்றையும் உள்ளட்டையில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். சேகரங்களில் பணியேற்கும்போது அலமாரியிலுள்ள பழம்பொருட்களைக் கணக்கெடுத்து, கேள்விப்பட்டதையும் சான்றுள்ளதையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள்.

நான் அச்சேகரத்திற்கு மீண்டும் சென்றேன். மூப்பர் ஒருவர் அவ்வேட்டைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். அவரிடம் நிகழ்ந்ததைச் சொல்வது எனக்கு எளிதாயிருக்கவில்லை. அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளட்டையில் எழுதிக் கையொப்பமிட்டேன். அவ்வேடு இன்றும் அங்கேதான் இருக்கிறது. நாடக ஏடு என்னும் தன் மெய்யான பெயரோடு.