பெட்டிக்குள் வந்த கிராமம்

ஆஸ்திரியாவை எதிர்த்து ஹங்கேரி 1848இல் தொடங்கிய விடுதலைப் போர் மறு ஆண்டே தோற்றுப்போனது. அந்தப் போரில் சண்டையிட்டுச் சிறைபட்டவர்களில் யானோஷ் க்ஸாந்துஷ் என்ற இளைஞரும் ஒருவர். சட்டம் படித்தவர். சிறையிலிருந்து மீண்ட பிறகும் நாட்டில் நிம்மதி இல்லை. 1851இல் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். கையில் காசில்லை, நிலையான வேலை இல்லை. கடைசியில் 1855இல், பெற்றவர்கள் வைத்த பெயரை மறைத்துக்கொண்டு, வேறொரு பெயரில் அமெரிக்க ராணுவத்தில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்தார். அந்த வாழ்க்கை அப்படியே கரைந்துபோயிருக்க வேண்டியது. ஆனால் கான்சாஸ் புல்வெளியில் இருந்த ரைலி கோட்டையில் ஒரு ராணுவ மருத்துவர் அவருக்காகவே காத்திருந்ததுபோல இருந்தார்.

வில்லியம் ஹேமண்ட் என்ற அந்த மருத்துவருக்குப் பறவை, பாம்பு, பூச்சி என்று கண்ணில் பட்டதையெல்லாம் பதப்படுத்தி வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பும் பழக்கம் உண்டு. சிப்பாய்க்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார். சிப்பாய் குருவை மிஞ்சினார். கலிஃபோர்னியாவின் தேஹோன் கோட்டையிலிருந்தும், பிறகு கடல் ஓத அளவு எடுக்கும் வேலையாகப் போன சான் லூகாஸ் முனையிலிருந்தும் பெட்டி பெட்டியாக உயிரினங்கள் வாஷிங்டனுக்குப் போயின. ஓர் ஓசனிச்சிட்டு வகைக்கே அவருடைய பெயரை வைத்தார்கள். இதே மனிதர் சொந்த நாட்டில் வெளியிட்ட பயண நூலில் பிறர் எழுதிய குறிப்புகளைத் தன் அனுபவமாகக் கலந்துவிட்டார் என்பதும் பின்னாளில் வெளிப்பட்டது. அவர் சொன்ன கதையில் பொய் இருந்தது. அனுப்பிய பெட்டியில் பொய் இருக்கவில்லை. அந்தப் பெட்டிகளின் புகழ் அவருக்கு முன்பே ஹங்கேரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நாடு திரும்பியவரைத் தலைநகர் கைநீட்டி வரவேற்றது. 1866இல் வாரோஷ்லிகெத் என்னும் நகரப் பூங்காவில் திறந்த விலங்குக் காட்சிசாலைக்கு அவரே முதல் இயக்குநர். அதோடு அவர் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மறு ஆண்டே வரலாறு திரும்பியது. ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் சமரசம் செய்துகொண்டு இரட்டை முடியாட்சியாயின. புதிய அரசு கிழக்காசியாவுக்கு வணிகத் தூதுக்குழு ஒன்றை அனுப்பத் தீர்மானித்தது. கல்வி அமைச்சர் யோஜெஃப் எட்வெஷ், ஹங்கேரியின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேகரிக்க ஓர் ஆளைத் தேடினார். அவர் கண்ணில் பட்டவர் க்ஸாந்துஷ்.

1868இல் போர்க்கப்பல்கள் புறப்பட்டன. சயாம், சீனா, ஜப்பான் என்று பயணம் நீண்டது. வழியில் குழுவின் ஆஸ்திரியத் தலைவர்களோடு க்ஸாந்துஷுக்கு ஒத்துப்போகவில்லை. பாதியில் பிரிந்தார். எட்வெஷ் அவரைக் கைவிடவில்லை. தனியாளாகப் போர்னியோவுக்கும் ஜாவாவுக்கும் போனார். தயாக் மக்களின் ஆயுதங்கள், கூடைகள், துணிகள் என்று பெட்டிகள் நிறைந்தன. அவர் சுற்றிய தீவுகளுக்கு வெகுதூரமில்லாத மலாயாவில், இன்று நெகிரி செம்பிலான் என்று அழைக்கப்படும் மண், சுங்கை ஊஜோங், ரெம்பாவ், ஜெலெபு என்று தனித்தனித் தலைவர்களின் கீழ் இருந்தது. அங்கே பால்மரம் என்னும் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. ஆனால் 1869இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைநோய் தலைகாட்டியது. நொடித்துப்போன வெள்ளைக்காரத் துரைமார் சிலர் புது மண் தேடி மலாயாவுக்கு வந்து, சுங்கை ஊஜோங்கில் காப்பி போட்டார்கள். அந்தத் தோட்டங்களுக்குத் தமிழகக் கிராமங்களிலிருந்து இன்னொரு வகைப் பெட்டிகள் கடலேறின.

1870இன் இறுதியில் க்ஸாந்துஷ் வீடு திரும்பியபோது, எண்ணிலடங்காத செடி, பூச்சி, பறவைகளோடு சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு மனிதப் புழங்குபொருள்களும் வந்திருந்தன. ஆனால் 1871 பிப்ரவரியில் எட்வெஷ் இறந்துபோனார். ஆதரித்தவர் போய்விட்டார். போர்னியோக் கூடைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பதற்குக்கூட ஆளில்லாத நிலை.

அடுத்து வந்த அமைச்சர் ஒரு முடிவெடுத்தார். 1872 மார்ச் 5ஆம் தேதி தேசிய அருங்காட்சியகத்தில் இனவியலுக்கென்று ஒரு பிரிவு தொடங்கி, அதன் காப்பாளராக க்ஸாந்துஷை நியமித்தார். அதில் இருந்தவையெல்லாம் பெரும்பாலும் தூரத்துத் தேசத்துப் பொருள்கள். ஹங்கேரிக் கிராமத்துப் பானை ஒன்றைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று அதுவரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பானைக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? அந்தக் கேள்விக்கான பதில் வியன்னாவிலிருந்து வந்தது.

1873இல் வியன்னாவில் உலகக் கண்காட்சி நடக்கவிருந்தது. அதற்கு ஹங்கேரியின் குடிசைத் தொழில் பொருள்களைத் திரட்டும் வேலை க்ஸாந்துஷிடமும் ஃப்ளோரிஷ் ரோமர் என்ற அறிஞரிடமும் வந்தது. போர்னியோவில் வீடு வீடாகப் போய்ப் பழகிய மனிதர் இப்போது சொந்த நாட்டுக் கிராமங்களில் வாசல் வாசலாக ஏறினார். சாயம் போட்ட குடங்கள், பூத்தையல் சட்டைகள், நெசவுத் துணிகள் வண்டியேறின. மே 1ஆம் தேதி கண்காட்சி திறந்தது. எட்டே நாளில் வியன்னாப் பங்குச் சந்தை சரிந்தது. கோடையில் காலரா பரவியது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. கண்காட்சி கடனில் முடிந்தது. ஆனால் அதற்காகத் திரட்டிய குடங்களும் சட்டைகளும் கலைந்துபோகவில்லை. கலைத்தொழில் அருங்காட்சியகத்துக்குப் போய், பின்னர் இனவியல் பிரிவுக்கே வந்து சேர்ந்தன. முடிந்து வைத்த விதைபோல அவை இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தன.

1894இல் க்ஸாந்துஷ் மறைந்தார். அவருடைய இடத்துக்கு யானோஷ் யாங்கோ என்ற இளம் அறிஞர் வந்தார். வயது இருபத்தாறு. ஹங்கேரியர் அந்த மண்ணில் குடியேறி ஆயிரம் ஆண்டு நிறைந்ததை 1896இல் நாடே கொண்டாடவிருந்தது. யாங்கோ நகரப் பூங்காவில் ஒரு முழுக் கிராமத்தையே எழுப்பினார். அந்தந்த மாவட்டம் தன் பாணியில் தானே ஒரு வீடு கட்டி, தன் வீட்டுச் சாமான்களை அதில் வைத்தது. மொத்தம் இருபத்து நான்கு வீடுகள். விழா முடிந்ததும் வீடுகள் போயின. உள்ளே இருந்தவை அருங்காட்சியகத்தின் சொத்தாயின. தூர தேசத்துக் கூடைகளோடு சொந்த ஊர்க் குடமும் சரிசமமாக உட்கார்ந்தது அப்போதுதான். ஆனால் யாங்கோ 1902இல் முப்பத்து நான்கு வயதில் இறந்தார். அவர் சேர்த்த பொருள்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை கிடைக்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

வாடகைக் கட்டடம், 1906இல் பூங்காவின் தொழிற்கூடம், 1924இல் பள்ளிக்கூடமாகக் கட்டிய இடம் என்று அந்தச் சேகரம் நாடோடியாக அலைந்தது. 1947இல்தான் தனி நிறுவனம் ஆனது. 1973இல் நாடாளுமன்றத்துக்கு எதிரே, நீதிமன்றத்துக்காகக் கட்டிய மாளிகை கிடைத்தது. கடைசியில் 2022 மே மாதம், அருங்காட்சியகத்துக்கென்றே கட்டிய கட்டடம் திறந்தது. இரு பக்கமும் மேலெழுந்து வளையும் கூரை, அதன்மேல் புல்வெளி, சுவரைச் சுற்றி உள்நாட்டு, வெளிநாட்டுப் பூவேலை வடிவங்கள் பின்னிய உலோக வலை. இன்று புடாபெஸ்டுக்குப் போகும் பயணிகள் ஏறி நின்று படமெடுக்கும் இனவியல் அருங்காட்சியகம் இதுதான். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதற்குச் சொந்தம். அது நிற்பது அதே வாரோஷ்லிகெத் பூங்கா. க்ஸாந்துஷின் விலங்குக் காட்சிசாலையும், யாங்கோவின் இருபத்து நான்கு வீடுகளும் இருந்த பூங்கா.

யாங்கோவின் கிராமம் எழுந்த அதே 1896இல் நெகிரி செம்பிலான் மலாய் ஐக்கிய மாநிலங்களில் ஒன்றானது. அதே ஆண்டில் பக்கத்து மலாக்காவில் ரப்பர் வணிகப் பயிராக வேர்விட்டது. சில ஆண்டுகளில் காப்பி போய்ப் பால்மரம் வந்தது. கங்காணி அழைத்துவந்த தமிழர்கள் தகரப்பெட்டியோடு லயம் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, பால்வாளி, பால் பிடிக்கும் மங்கு, வாளி சுமக்கும் காண்டா, மரம் சீவும் வெட்டுக்கத்தி என்று ஓர் உலகமே உண்டானது. இன்று நீலாய், செண்டாயான் பக்கம் தோட்டங்கள் நகரியங்களாகிவிட்டன. லயம் இடிபடும்போது மங்கும் வாளியும் குப்பையோடு போகின்றன.

அவற்றைச் சேர்த்துக் காப்பது செய்ய முடியாத வேலை ஒன்றும் இல்லை. இலங்கையின் கம்பளை அருகே, பழைய தோட்ட லயம் ஒன்றிலேயே 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் திறந்தது. நெகிரி செம்பிலானின் சிரம்பானில் அம்பாங் திங்கி மரமாளிகையை அதன் ஊரிலிருந்து பெயர்த்துவந்து மாநில அருங்காட்சியக வளாகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அரண்மனையைப் பெயர்த்து நிறுத்த முடிந்த மாநிலத்தில் ஒரு லயத்து வரிசையையும் நிறுத்த முடியும். யாங்கோ மாவட்டத்துக்கு ஒரு வீடு என்று கேட்டதுபோல, பகாவ் ஒரு வீடு, ரொம்பின் ஒரு வீடு, லாபு ஒரு வீடு என்று தோட்டத்து மக்களே தங்கள் சாமானோடு கொடுத்தால் போதும். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எந்தப் பொருள் எதற்கு என்று சொல்ல இருக்கும் காலத்திலேயே அது நடக்க வேண்டும்.