லாக்டௌன்ல தொத்திக்கிட்ட 'ஒல்லி' ஆசை... சாப்பாட்டைப் பார்த்து பயமா?

வன்னியம்பட்டியில் நின்று ராஜபாளையம் பக்கமோ, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமோ போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். மில் ஷிப்ட்டுக்குப் போகிற அக்கா, கூடையோடு பாட்டி, காலேஜ் பசங்க... ஒல்லி, குண்டு, குட்டை, நெட்டை என எல்லா உடம்பும் அதில் இருக்கும். 'மனுஷங்கன்னா விதவிதமாத்தான் இருப்பாங்க' என்று நம் கண் தினமும் பழகுவது இப்படித்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அந்த பஸ் நின்றது. பள்ளிகளும் மூடின. 10, 12-ம் வகுப்புகளே 2021 ஜனவரி 19-ல்தான் திறந்தன. அதுவரை வீட்டு ஆட்களைத் தவிர நாம் அதிகம் பார்த்தது ரெண்டு உடம்புகள்தான். ஒன்று செல்போனில் வந்தது. இன்னொன்று கண்ணாடியில் தெரிந்தது.

போன் என்ன செய்கிறது?

ஒரு 'வெயிட் லாஸ்' வீடியோவை முழுசாகப் பார்த்தால் போதும், அதே மாதிரி பத்து வரும். அத்தனையும் ஆங்கிளும் ஃபில்டரும் பார்த்து எடுத்தவை. ஏற்கெனவே உடம்பு பற்றிய கவலையில் இருக்கும் டீன் ஏஜ் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குவதாக, ஃபேஸ்புக்கின் சொந்த ஆய்வே சொன்னது. 2021 செப்டம்பரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' அதை வெளியிட்டது. பசங்களும் தப்பவில்லை, அவர்களுக்கு சிக்ஸ் பேக்.

பட்டினி கிடந்தால்?

1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்புதான். சமையல் குறிப்பு சேர்த்தவர்கள்கூட உண்டு. சோதனை முடிந்ததும் பலர் வயிறு கொள்ளாமல் சாப்பிட்டார்கள். டயட் இருந்துவிட்டு ராத்திரி ஃப்ரிட்ஜைக் காலி செய்கிறீர்களா? அது உங்கள் மன உறுதியில் குறை இல்லை; உடம்பின் பசிக் கணக்கு.

இதெல்லாம் இருந்தால் கவனிங்க

* வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடத் தயங்குவது
* பால்கோவா கொடுத்தால், ருசிக்கு முன் கலோரி ஞாபகம் வருவது
* சாப்பிட்டதும் குற்ற உணர்ச்சி, வாந்தி எடுக்கத் தோன்றுவது
* மயக்கம், மாதவிடாய் நின்றுபோவது

என்ன செய்யலாம்?

* மனசைக் கெடுக்கும் பக்கங்களை அன்ஃபாலோ செய்யுங்கள். 'நாட் இன்ட்ரஸ்டட்' அழுத்துங்கள்.
* வேளை தவறாமல் சாப்பிடுங்கள். ஒரு வேளையாவது யாரோடாவது சேர்ந்து.
* 'என்ன, வெயிட் போட்டுட்டே?' என்று யாரையும் விசாரிக்காதீர்கள்.
* மேலே சொன்ன அறிகுறிகள் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

லாக்டௌன் முடிந்துவிட்டது. ஆனால் ஹாஸ்டல் ரூம், வொர்க் ஃப்ரம் ஹோம், நீட் கோச்சிங் என்று தனிமை இன்னும் இருக்கிறது. அந்த நேரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு, நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போங்கள். நிஜமான உடம்புகள் அங்கேதான் இருக்கின்றன.