லயத்துக்கு வந்த சமாதானம்: மலையகத் தோட்டங்களில் கிறிஸ்தவ நம்பிக்கையின் கதை

தமிழ்ப் புரட்டஸ்தாந்தரின் வேதாகமத்தில் விசுவாசமும் நம்பிக்கையும் இரு வேறு சொற்கள். முன்னது இறைவன்மேல் வைக்கும் பற்றுறுதியைக் குறிக்கும். பின்னது இன்னும் கண்ணுக்குத் தெரியாத நன்மைக்காகக் காத்திருக்கும் மனநிலையைக் குறிக்கும். பேச்சுத் தமிழில் ‘நம்பிக்கை’ இரண்டையும் சேர்த்துச் சுமப்பதால் குழப்பம் நேர்வதுண்டு என்பதாலோ என்னவோ, 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு பின்னதற்கு ‘எதிர்நோக்கு’ என்ற சொல்லைக் கையாண்டது. ‘சமாதானம்’ என்ற சொல்லுக்கும் இத்தகைய இரட்டை வாழ்வு உண்டு. வேதாகமத்தில் அது இறைவன் அருளும் அமைதி. வீட்டிலும் தெருவிலுமோ அது சண்டையிட்டவர்களை இணக்குவது, அழுகிறவரைத் தேற்றுவது, சில வேளைகளில் தவற்றுக்குச் சாக்குச் சொல்வதும்கூட. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கிறிஸ்தவம் தமிழ்த் தொழிலாளரிடையே பரவிய வரலாற்றில் இந்தப் பொருள்கள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன.

ஹற்றனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாகச் செல்லும் சாலை முடியும் நல்லதண்ணி, 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலையின் அடிவார ஊராகும். ஆங்கிலேயர் அதனை டல்ஹவுசி என்றழைத்தனர். உச்சிப் பாறையிலுள்ள சுவடு பௌத்தருக்குப் புத்தரின் பாதம், சைவருக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதம் என்பது பலரும் அறிந்ததே. போர்த்துக்கேயக் கிறிஸ்தவர்களும் தம் பங்குக்கு அதனைப் புனித தோமாவுடையது என்றனர். அவர்களுள் வேறு சிலர், அப்போஸ்தலர் பணிகளில் வரும் எத்தியோப்பிய அரசி கந்தாகேயின் அமைச்சருடையது என்றனர். ஆயினும் அடிவாரத் தோட்டங்களின் தமிழ்க் கிறிஸ்தவர்களது வழிபாட்டில் இந்தக் கதைகள் பெரிய இடம் பெற்றதாகக் கூறமுடியாது. அவர்களுடைய சமயம் மலையுச்சியிலன்றி, தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட சிற்றறைத் தொடர்களான லயங்களில்தான் வேர்விட்டது.

1840களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள், கங்காணி என்னும் ஆள்திரட்டியிடம் முன்பணம் பெற்று, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலும் தோட்டங்களிலும் அவர்களைக் கொன்றன. 1841 முதல் அந்தப் பத்தாண்டின் இறுதிவரை இறந்தவர்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று கொழும்பு ஒப்சர்வர் இதழ் 1849இல் மதிப்பிட்டது. இந்த எண் மிகையானதா, குறைவானதா என்று ஆய்வாளர் வாதிட்டாலும், மலைநாட்டில் சமயப் பணி தொடங்கிய நிலம் இத்தகைய சாவுகளின் நிலம் என்பதில் ஐயமில்லை.

அங்கிலிக்கன் அமைப்பான திருச்சபை மிஷனரி சங்கம் 1818 முதல் இலங்கையில் இயங்கியபோதும், தோட்டத் தமிழருக்கென்று தனிப்பணி உருவானது 1850களின் நடுப்பகுதியில்தான். கோப்பித் துரைமார் சிலர் பணம் திரட்ட, சங்கம் மேற்பார்வையாளரைத் தர, ‘தமிழ்க் கூலி மிஷன்’ பிறந்தது. இன்று கூசவைக்கும் அந்தப் பெயர், துரைமார் தம் தொழிலாளரை எந்தக் கண்ணால் பார்த்தனர் என்பதை மறைக்காமல் காட்டுகிறது. திருநெல்வேலியில் பணியாற்றித் தமிழறிந்த செப்டிமஸ் ஹொப்ஸ் அதன் முதல் மேற்பார்வையாளரானார். எனினும் உண்மையில் அந்த மிஷனைத் தாங்கியவர்கள் திருநெல்வேலிச் சீமைச் சபைகளிலிருந்து வந்த உபதேசியார்களே. குருப்பட்டம் பெறாமல், வேதம் வாசித்துக் காட்டவும், செபம் நடத்தவும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கவும் நியமிக்கப்பட்டவரே உபதேசியார். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு ஒற்றையடிப்பாதையில் நடந்துசென்ற அவர், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைக் கூட்டமாகிய ‘பிரட்டு’க் களத்திலும், மாலையில் லயத்து முற்றத்திலும் பேசினார்.

இந்த ஏற்பாட்டிலிருந்த முரண் சிறிதன்று. பிரட்டுக் களத்தில் பேச உபதேசியாருக்கு இடமளித்தவர் துரை. சம்பளத்தில் ஒரு பங்கும் துரைமாரின் நன்கொடையிலிருந்தே வந்தது. பக்தியுள்ள தொழிலாளி குடிக்கமாட்டான், தோட்டத்தை விட்டு ஓடமாட்டான் என்ற கணக்கு அந்த நன்கொடைகளுக்குப் பின்னால் இருந்ததை மறுப்பதற்கில்லை. உபதேசியார் சொன்ன சமாதானம் துரையின் வசதிக்கான சமாதானமாகவும் ஒலித்திருக்கக்கூடும். ஆனால் கேட்டவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். துண்டு என்னும் கடன்சீட்டில் பெயர் எழுதப்பட்டு, அந்தக் கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிய ஒருவருக்கு, வேறோர் ஏட்டில், கடன்தொகை எதுவுமின்றி, தகப்பன் தாய் பெயரோடு தன் பெயரும் எழுதப்படுவது அற்ப நிகழ்ச்சியாக இருந்திருக்க முடியாது. அந்த ஏடு ஞானஸ்நானப் பதிவேடு.

தொழிலாளரைக் கேளாமலே அவர்களுடைய மேய்ப்பர் யார் என்ற வழக்கும் நடந்தது. 1875இன் இறுதியில் கொழும்புப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட முப்பது வயது ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன், தோட்டப் பகுதிகளின் சமயப் பணி முழுவதும் தம் அதிகாரத்துக்குட்பட வேண்டுமென்றார். பல சபைகளைச் சேர்ந்த துரைமார் ஆதரித்த மிஷனை நடத்திய சங்கத்தார் அதற்கு இணங்கவில்லை. 1876இல் பேராயர் அவர்களுடைய குருமாரின் அனுமதிப் பத்திரங்களைத் திரும்பப் பெற்றதால் மூண்ட பிணக்கு, இங்கிலாந்துவரை சென்று 1880இல்தான் தணிந்தது. சமாதானத்தைப் போதிக்க வந்தவர்கள் நான்காண்டுகள் சமாதானமின்றி இருந்த இக்காலத்திலேயே, கோப்பி இலைநோயால் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. 1869இல் முதலில் காணப்பட்ட அந்நோயால் பயிரே மாறித் தேயிலை வந்தது. தொழிலாளருக்குப் பயிர் மாறியதேயன்றி லயம் மாறவில்லை.

டிக்கோயாவில் 1878இல் எழுந்த வோர்லி கிறிஸ்து ஆலயம் அந்தக் காலத்தின் மற்றொரு முகம். கருங்கற் சுவர்களும் இளவயதில் இறந்த துரைமாரின் கல்லறைகளும் கொண்ட அது, பின்னாளில் உருவான காசல்ரீ நீர்த்தேக்கத்தை இன்று மேலிருந்து நோக்கி நிற்கிறது. பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்தில் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் அடக்கம் செய்யப்பட்டார். இக்கல்லறைகளுக்குப் பெயரும் ஆண்டும் உள்ளன. தேயிலை மலைகளில் புதைக்கப்பட்ட தொழிலாளருக்கு அவை பெரும்பாலும் இல்லை. மலையக வரலாற்றை ஆலயக் கட்டடங்களைக் கொண்டு எழுதுவோர் இந்த ஏற்றத்தாழ்வை மறந்துவிடலாகாது.

கத்தோலிக்கரின் கதை சற்று வேறு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைமுறைகளாகக் கத்தோலிக்கராயிருந்த குடும்பங்கள் தம் புனிதர்களோடும் செபமாலையோடும் மலையேறின. குரு எப்போதாவது ஒருமுறை வந்து பூசை வைக்கும் தோட்டத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையே கோயிலாக இருந்தது. கொழுந்து நிறுத்து முடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டபின் சொல்லப்படும் குடும்பச் செபம், நாளில் துரைக்கும் கங்காணிக்கும் கணக்குக் கொடுக்க வேண்டாத ஒரே பொழுது எனலாம். அன்றாட வாழ்வில் சமயம் தரும் அமைதி என்பது, மலைநாட்டைப் பொறுத்தவரை, பெரும் சிந்தனைகளைவிட இந்தச் சிறு பொழுதிலேயே தங்கியிருந்தது.

அந்தச் செபத்தில் இருந்த எதிர்நோக்குக்கு ஒரு திசையும் இருந்தது. வன்னிக் காட்டிலுள்ள மடுமாதா திருத்தலத்துக்கு மலையகக் கத்தோலிக்கர் யாத்திரை செல்வது வழக்கம். 1914இல் தலைமன்னார்த் துறைக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, அப்பாதையில் மடுவீதி என்றே ஒரு நிலையம் அமைந்தது. முன்னோர் எந்த வடதிசையிலிருந்து கால்நடையாக வந்தனரோ அதே திசை நோக்கி, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது நேர்த்திக்கடனோடு சென்றனர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கி, 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இலங்கையில் வைத்துக்கொள்ளவும் எண்ணிப் பிரித்தபின், அந்தக் கோச்சிப் பாதைக்கே வேறு பொருள் வந்துவிட்டது. கோச்சி என்பது மலையகத்தார் புகைவண்டிக்குச் சொல்லும் பெயர். கப்பலேறத் தலைமன்னார் சென்றவர்களின் கோச்சியும் மடுவீதி நிலையத்தைக் கடந்தே சென்றது; யாத்திரைக்கு இறங்கிய நிலையத்தில் இம்முறை அவர்கள் இறங்கவில்லை.

நாடற்றோரின் துயரை வெறும் செபத்தால் ஆற்றமுடியாது என்று திருச்சபைக்குள்ளேயே சிலர் உணர்ந்தது 1970களில். இயேசுசபைக் குரு போல் கெஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரின் உரிமைகளைச் சிங்கள மக்களுக்கும் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் உருவான பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் லியோ நாணயக்காரவும் திருச்சபை ஏழைகளோடு வாழவேண்டும் என்று வற்புறுத்தினார். 1973–74இல் தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, தேற்றரவு என்ற சொல்லுக்குச் சோறு, சட்டம், பத்திரம் என்ற பொருள்களும் வேண்டும் என்பது மேலும் தெளிவாயிற்று. பழைய உபதேசியார் லயத்து முற்றத்தில் தேடிய சமாதானத்துக்கும் இவர்கள் கேட்ட நீதிக்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. எனினும், பேரேட்டில் எண்ணாக இருந்தவரைப் பெயர்சொல்லி அழைத்ததே இரண்டுக்கும் தொடக்கம்.

சிவனொளிபாத யாத்திரைப் பருவம் மார்கழியில் உந்துவப் பௌர்ணமியோடு தொடங்கி வைகாசியில் வெசாக்கோடு முடிகிறது. இதனால் கிறிஸ்து பிறப்பு, தபசு காலம், பெரிய வெள்ளி, உயிர்ப்பு விழா ஆகிய யாவும் நல்லதண்ணியில் யாத்திரிகர் கூட்டத்துக்கு நடுவிலேயே வருகின்றன. மலையுச்சிவரை ஏறும் விளக்கு வரிசைக்குக் கீழே, இருளில் கிடக்கும் தேயிலை மலைகளின் லயங்களில், வேறொரு விளக்கைச் சுற்றி அமர்ந்து ஒரு குடும்பம் மாலைச் செபத்தைச் சொல்லி முடிக்கிறது, விடிந்தால் பிரட்டு.